காலேஜ் இடமும் அட்வான்ஸ் பணமும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இப்பொழுது தை பிறந்தால் ஏஜெண்டுதான் பிறக்கிறார். பொங்கல் பானையின் சூடு ஆறுவதற்குள், எந்தெந்த வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறதென்று ஒரு ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று ஊர் ஊராய்ப் புறப்பட்டுவிடுகிறார். பிள்ளை பரீட்சை எழுதப் போவது மார்ச்சு மாதத்தில். மார்க்கு தெரிவது மே மாதத்தில். சர்க்கார் நடத்தும் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். ஆனால் அட்வான்ஸ் பணம் மட்டும் தை மாதத்திலேயே வேண்டுமாம். "இப்போதே கட்டினால் சலுகை உண்டு, அப்புறம் வந்தால் இடமே இராது" என்பதுதான் அவர் பாடம் செய்து வைத்திருக்கும் மந்திரம்.

பிள்ளைக்கு விவரம் தெரியுமுன் கலியாணத்தை முடித்துவிடும் பால்ய விவாகத்தை நம் நாட்டார் வெகு காலம் தர்மம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மார்க்கு தெரியுமுன் காலேஜை முடித்துவிடும் இந்தப் புது விவாகத்தை இப்பொழுது புத்திசாலித்தனம் என்கிறார்கள். இரண்டிலும் அவசரப்படுத்துகிறவனுக்கு லாபம் இருக்கிறது. கட்டிப்போடப்படுகிறவனுக்கு என்ன லாபம் என்று மாத்திரம் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சென்ற வாரம் கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஆலைக்கு வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பணம் இன்னும் வந்து சேரவில்லை. மகன் சர்க்கார் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். ஒரு தனியார் இஞ்சினீரிங் காலேஜுக்கு 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டவேண்டுமென்று ஏஜெண்டு சொன்னதைக் கேட்டு, மனைவியின் கழுத்துச் சங்கிலியைக் காகிதத்தில் பொட்டலமாய் மடித்து, அடகுக் கடைக்குப் போகிற வழியில் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வந்திருக்கிறார்.

"என்னங்க அய்யா, கட்டிடலாமா, வாணாமா? நாளைக்குள்ள சொல்லணுமாம்."

"பையன் என்ன படிக்கவேண்டும் என்கிறான்?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல எடத்தைப் புடிங்கன்னு அவரு சொல்றாருங்க" என்றார்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால் இதே இடத்தில் நாமும் ஒரு தடவை வழுக்கி விழுந்தவர்கள். 2016ஆம் வருஷம் நமது சகோதரியின் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதுவதற்கு முன்பே, மாமன் என்ற முறையில் நாமே முன்னின்று ஒரு தனியார் காலேஜில் 20,000 ரூபாய் கட்டி இடம் பிடித்துக் கொடுத்தோம். அந்தப் பெண் நாம் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க்கு வாங்கிவிட்டாள். கலந்தாய்வுக்குப் போனால் சர்க்கார் காலேஜிலேயே இடம் எடுக்கலாம் என்று அவளுடைய உபாத்தியாயர் சொன்னார். ஆனால் வீட்டில் என்ன பேச்சு நடந்தது தெரியுமா? "கட்டின இருபதாயிரம் போய்விடுமே!" என்பதுதான். அந்த இருபதாயிரத்தைக் காப்பாற்றுவதற்காக நாலு வருஷத்தில் நாலு லட்சத்துக்கு மேல் கட்டினோம். தினமும் பகுத்தறிவு பேசுகிற நாமே, போன பணத்தைப் பிடிக்க இருக்கிற பணத்தையும் எறிந்தோம். அந்தப் பெண் இன்றைக்கும் நம்மைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

ஆகவே அட்வான்ஸ் பணம் என்பது இடத்தைப் பிடிப்பதற்கான கயிறு அல்ல, உங்களைப் பிடிப்பதற்கான கயிறு என்பதை நாம் பட்டறிந்து சொல்லுகிறோம்.

சீமையிலும் இதே வியாபாரம்

இந்த வித்தை நம்முடைய ஏஜெண்டுகள் கண்டுபிடித்ததல்ல. பணக்கார நாடாகிய அமெரிக்காவில், பேர் பெற்ற காலேஜுகளே கௌரவமான பெயரில் இதை நடத்துகின்றன. அங்கே சாதாரணமாக ஒரு மாணவன் பல காலேஜுகளுக்கு ஜனவரி மாதவாக்கில் மனுப் போட்டு, வசந்த காலத்தில் எல்லாப் பதில்களும் வந்த பிறகு, யார் எவ்வளவு உதவிப் பணம் தருகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மே முதல் தேதிக்குள் ஒன்றைத் தீர்மானிக்கலாம். இதைத் தவிர "முன்முடிவு" என்று இன்னொரு வாசலும் உண்டு. அதன்படி நவம்பர் மாதத்திலேயே ஒரே ஒரு காலேஜுக்கு மனுப் போட்டு, "நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் கட்டாயம் உங்களிடமே வருவேன், மற்ற மனுக்களையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்ளுவேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். டிசம்பரில் பதில் வந்துவிடும். உதவிப் பணம் போதவில்லை என்று காட்டினால் மாத்திரம் அந்தக் கட்டிலிருந்து சாதாரணமாக விடுவிப்பார்கள்.

இப்படிக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு என்ன சலுகை? 2003ஆம் வருஷம் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிப் புத்தகத்தில், முன்கூட்டி மனுப் போடுவது 1600 மார்க்குக்கு நடக்கும் அவர்களுடைய பொதுப் பரீட்சையில் ஏறக்குறைய நூறு மார்க்கு அதிகம் வாங்கியதற்குச் சமமான அனுகூலத்தைத் தருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காலேஜுக்காரர்களுக்கு இதில் உள்ள வசதி விளங்கக்கூடியதே. நிச்சயமாய் வருகிறவன் யார் என்று முன்னமே தெரிந்துவிட்டால் அவர்களுக்கு வகுப்பு நிரம்பிவிட்டது என்ற கவலை தீர்ந்தது. ஆனால் உதவிப் பணத்தை ஒப்பிட்டுப் பாராமலேயே நவம்பரில் கையெழுத்துப் போடக்கூடியவன் யார்? பணக் கவலை இல்லாதவன்தானே! கூலிக்காரன் மகன் எல்லாப் பதிலும் வரட்டும் என்று காத்திருக்க, துரைமகன் முன் வாசலால் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறான்.

இது நாம் மாத்திரம் சொல்லுகிற குற்றச்சாட்டல்ல. 2006ஆம் வருஷம் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்கூட்டிச் சேர்க்கும் முறை வசதியுள்ளவர்களுக்கே வசதி செய்கிறது என்ற காரணத்தைச் சொல்லி அதைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆனால் மற்ற காலேஜுகளில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. 2011ஆம் வருஷம் இரண்டும், கட்டாயக் கையெழுத்து இல்லாத உருவத்தில், முன் வாசலை மறுபடியும் திறந்துவிட்டன. தர்மம் தெரிந்திருந்தும் போட்டி விடவில்லை என்பதுதான் இதன் பொருள்.

நிற்க, அந்த நாட்டு மாணவனுக்காவது கையெழுத்துப் போட்டதற்குக் கைமேல் ஒரு சலுகை கிடைக்கிறது. அவன் விரும்புகிற காலேஜே நல்ல காலேஜாகவும் இருக்கிறது. நம்மூர் ஏஜெண்டு விற்கிற இடமோ, பெரும்பாலும் ஆகஸ்டு மாதத்திலும் காலியாகவே கிடக்கும் இடம். ஒவ்வொரு வருஷமும் கலந்தாய்வு முடிந்த பிறகு எத்தனையோ காலேஜுகளில் பெஞ்சுகள் வெறுமனே கிடப்பதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோமே! வெறும் பெஞ்சுக்கு முன்பதிவு ஏன்? கூட்டமில்லாத பஸ்ஸுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கச் சொல்லுகிறவன், துண்டுக்கும் சேர்த்துக் கூலி கேட்கிறான்.

நம்முடைய பொதுப் பட்டியல்

இதற்கு எதிர்ப்புறத்தில் நம் நாட்டில் இருப்பது என்ன? எல்லோரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, முறைப்படி கூப்பிடும் பொதுக் கலந்தாய்வு. இது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. காலேஜ் இடம் யாருக்கு என்பது இந்த மாகாணத்தில் வெகு நாளையச் சண்டை. சென்னை வைத்தியக் காலேஜ், இஞ்சினீரிங் காலேஜ் இடங்களைப் பற்றிய வழக்கில்தான் 1951இல் சுப்ரீம் கோர்ட்டு வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து இந்த நாட்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகுதான், அதே வருஷத்தில், அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. 1984இல் வந்த நுழைவுப் பரீட்சை, 2006ஆம் வருஷத்துச் சட்டத்தால் எடுபட்டு, 2007 முதல் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே இஞ்சினீரிங் இடம் கொடுக்கப்படுகிறது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200க்குக் கணக்கிட்டு வரிசை எண் போடுகிறார்கள். தனியார் காலேஜுகளும், சிறுபான்மையோர் நடத்துபவை நீங்கலாக, நூற்றுக்கு 65 இடங்களை இந்தப் பட்டியலுக்குக் கொடுக்கவேண்டும். ஏஜெண்டு விற்பது மிச்சமுள்ள 35ஐயும், பட்டியலுக்கே வராத நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்களையும்தான்.

2018 முதல் இந்தக் கலந்தாய்வு கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. மாணவன் நானூறுக்கு மேற்பட்ட காலேஜுகளிலிருந்து தனக்குப் பிடித்த காலேஜையும் பாடத்தையும் வரிசையாக எழுதிக் கொடுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் தேவையில்லாமல் பயந்து கெட்டுப்போகிறார்கள். "கிண்டியை முதலில் எழுதினால் அதுவும் கிடைக்காமல், அடுத்ததும் போய்விடுமோ?" என்று நடுங்கி, கிடைக்கும் என்று தாங்களே ஊகித்துக்கொண்ட சின்னக் காலேஜை முதலில் எழுதுகிறார்கள்.

ஒரு ஜவுளிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வரிசை நிற்கிறது. ஒவ்வொருவர் கையிலும், தமக்கு வேண்டிய சேலைகளை ஆசைப்பட்ட வரிசைப்படி எழுதிய சீட்டு இருக்கிறது. முறை வரும்போது கடைக்காரர் உங்கள் சீட்டை மேலிருந்து கீழாகப் பார்த்து, அப்போது கடையில் எது மிச்சமிருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறார். முதலில் எழுதிய பட்டுச் சேலை தீர்ந்துபோயிருந்தால் இரண்டாவதைப் பார்ப்பார். அதுவும் இல்லையென்றால் மூன்றாவதைப் பார்ப்பார். பட்டை எழுதிவிட்ட குற்றத்துக்காக நூல் சேலையை உங்களுக்குக் கொடுக்காமல் இருப்பாரா? மாட்டார். உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் அதே நூல் சேலையை முதலாவதாக எழுதியிருந்தாலும், உங்களுக்குக் கொடுத்த பிறகே அவர் சீட்டைத் தொடுவார். ஆனால் பயந்துகொண்டு நூல் சேலையை முதலில் எழுதிவிட்டீர்களானால், பட்டு கடையில் மிச்சமிருந்தாலும் உங்களுக்கு நூல்தான் வரும்.

கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான். உங்கள் வரிசை எண் வரும்போது பொதுப் பிரிவிலும், அதில் இல்லாவிட்டால் உங்கள் வகுப்புக்குரிய பங்கிலும், நீங்கள் எழுதிய வரிசைப்படியே இடத்தைத் தேடுகிறது. இதில் தந்திரம் பலிக்காது, தேவையும் இல்லை. மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே ஆக நல்ல உபாயம். அமெரிக்க முறையில் எந்தக் காலேஜுக்கு எப்போது வாக்குக் கொடுப்பது என்று சூதாட்டக்காரனைப்போல் யோசிக்கவேண்டும். நம் முறையில் நிஜத்தைச் சொன்னால் போதும். ஏழைக்குச் சூதாடச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நிஜத்தைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. ஆகவே எந்த முறை ஏழைக்கு உகந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தவிரவும், முதல் சுற்றில் கிடைத்த இடத்தோடு கட்டுப்பட்டுவிடவேண்டும் என்பதும் இல்லை. 2022 முதல், கிடைத்த இடத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டி வைத்துக்கொண்டே, சீட்டில் அதற்கு மேலே எழுதிய இடம் காலியானால் அதற்குப் போகச் சம்மதம் என்று சொல்லிவைக்கலாம். மேலே உள்ளவர்கள் சேராமல் விட்ட இடம் கீழே உள்ளவர்களுக்கு வருகிறது. கையில் உள்ளதை விடாமலே மேலே எட்டிப் பார்க்கும் இந்த வசதியை ஏஜெண்டு தருவாரா?

முந்திக் கட்டுவதால் இழப்பது என்ன?

முதலாவது, பணம். கட்டணக் கமிட்டி 2017இல் நிர்ணயித்தபடி, தனியார் இஞ்சினீரிங் காலேஜில் கலந்தாய்வு இடத்துக்கு வருஷம் 50,000 ரூபாய், மானேஜ்மெண்டு இடத்துக்கு 85,000 ரூபாய். ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியார், ஒரே பரீட்சை. வித்தியாசம் வருஷத்துக்கு 35,000, நாலு வருஷத்துக்கு 1,40,000 ரூபாய். இது சட்டப்படியான கணக்கு. சட்டத்துக்கு மேல் நன்கொடை வாங்கக்கூடாதென்று 1992ஆம் வருஷத்திலேயே நம் மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறதென்பதைப் பணம் கட்டினவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, உரிமை. குடும்பத்தில் முதன்முதல் பட்டம் படிக்கிற பிள்ளைக்குச் சர்க்கார் கொடுக்கும் கட்டணச் சலுகை, கலந்தாய்வு மூலம் போனால்தான் உண்டு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் வைத்தியத்திலும், 2021 முதல் இஞ்சினீரிங், விவசாயம், சட்டம் முதலியவற்றிலும் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கப்பட்டு, கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் சர்க்காரே ஏற்றுக்கொள்ளுகிறது. இதுவும் கலந்தாய்வு மூலமேதான். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குட்பட்டவர்களுக்குரிய போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் மானேஜ்மெண்டு இடத்துக்குக் கிடையாது. நம்மைத் தேடி வந்த கரும்பு விவசாயியின் மகன் சர்க்கார் பள்ளியில் படிக்கிறான். அவர் வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை. சங்கிலியை அடகு வைத்து அவர் வாங்கப் போனது ஓர் இடத்தை அல்ல. தன் மகனுக்குரிய இரண்டு உரிமைகளைப் பணம் கொடுத்து விட்டுத் தொலைக்கப் போனார்.

மூன்றாவது, பிள்ளையின் மனது. ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே இடம் முடிந்துவிட்டது என்றால் அவன் எதற்காகப் படிப்பான்? அன்றியும், என்ன படிப்பது என்பதை யோசிக்கவேண்டிய மாதங்களில் அந்த யோசனையே அற்றுப்போகிறது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவோம். யு.ஜி.சி. 2018இல் போட்ட உத்தரவுப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளைக்கு முன்னால் விலகிக்கொண்டால், கட்டின தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாமலும், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமலும் பிடித்துக்கொண்டு பாக்கியைத் திருப்பித் தரவேண்டும். அசல் சர்டிபிகேட்டுகளைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அசலைக் கொடுக்காதீர்கள், விலகுவதை எழுத்து மூலம் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அந்தப் பணம் திரும்பாமலே போனாலும், நாம் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யவேண்டாம். போன பணம் போனதே. இனிமேல் போகப் போகிற பணத்தைக் கணக்குப் போடுங்கள்.

ஆடி மாதமும் ஜோசியமும்

இவ்வளவு தெரிந்தும் படித்தவர்கள் வீட்டில்கூட ஏன் அவசரப்படுகிறார்கள் என்று விசாரித்தால், ஒரு காரணம் வெட்கக்கேடாக இருக்கிறது. கலந்தாய்வு ஜூலை மத்தியிலிருந்து ஆகஸ்டு மத்தி வரையில் விழுகிறது. அது ஆடி மாதம். "ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாது, பிள்ளையைப் படிப்பில் சேர்க்கக்கூடாது, ஆனிக்குள் முடித்துவிடவேண்டும்" என்று பாட்டி சொல்ல, ஜோசியர் ஆமோதிக்க, அப்பன் ஆனிக் கடைசியில் ஏஜெண்டு வீட்டைத் தேடி ஓடுகிறான். ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் குடியானவர்கள் நிலத்துக்கு ஆகும் மாதமாகக் கொண்டாடுகிற ஆடி, பிள்ளையின் படிப்புக்கு மாத்திரம் எப்படி ஆகாமல் போயிற்று? விதைக்கு முளைக்கத் தெரிகிற மாதத்தில் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதா?

இன்னும் சிலர், எந்தப் பாடம் எடுப்பது என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சீட்டில் காலேஜ்களை எழுதுவதற்கு ராகுகாலம் பார்க்கிறவர்களும் உண்டு. கம்ப்யூட்டருக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. இரண்டு பேர் ஒரே மொத்த மார்க்கு வாங்கியிருந்தால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்க்கிறார்கள், பிறகு மற்ற மார்க்குகளைப் பார்க்கிறார்கள், அப்படியும் சமமாயிருந்தால் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். அது யார் வயதில் மூத்தவர் என்பதற்காகவே ஒழிய நட்சத்திரத்துக்காக அல்ல. அதற்கும் மேல் சமமாக இருந்தால், முன்னமே போட்டு வைத்த ரேண்டம் நம்பர் தீர்த்துவைக்கிறது. நாலு ஜோசியர் சேர்ந்து செய்ய முடியாத நியாயத்தை ஒரு குலுக்கல் நம்பர் செய்துவிடுகிறது.

மலை மேலே

இனி கல்வராயன் மலைக்கு வருவோம். 1976 வரையில் ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்த பிறகுதான், அந்த மலை மக்களின் நிலைமையை ஐகோர்ட்டு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தது. சாராயம் காய்ச்சினால் மலையை நினைக்கிறார்கள், செம்மரம் வெட்டப் போய்ப் பிடிபட்டால் நினைக்கிறார்கள். பிள்ளை படிக்கிற சமயத்தில் நினைப்பவர் குறைவு.

தை மாதத்தில் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பல வீடுகளில் ஏஜெண்டு போய்ப் பார்த்தாலும் பேச ஆள் இராது. தகப்பனும் தாயும் கூலிக்கு வெளியூர் போயிருப்பார்கள், கிழவியும் பிள்ளைகளும் இருப்பார்கள். முந்துகிறவனுக்கே இடம் என்று சட்டமாகிவிட்டால் இந்த வீட்டுப் பிள்ளை எந்தக் காலத்தில் முந்துவான்? ஆனால் பொதுப் பட்டியல் என்ன செய்தது பாருங்கள். 2025ஆம் வருஷம் இதே கல்வராயன் மலையின் சேலம் ஜில்லாப் பகுதியாகிய கருமந்துறையில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு பெண், அகில இந்தியப் பரீட்சை எழுதி, வரிசை எண் மூலமாகச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றாள். அவளுக்காக யாரும் தை மாதத்தில் துண்டு போட்டு வைக்கவில்லை. பட்டியல் இருந்தது, அவளுக்குரிய பங்கு சட்டத்தில் இருந்தது, அவள் உழைப்பு இருந்தது. அவ்வளவே.

ஆனால் மலைப் பிள்ளையும் முந்தவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது சர்டிபிகேட்டு. மலையாளி என்ற பெயரால் பழங்குடியாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும், அந்த ஜாதிச் சான்று தாசில்தாரிடம் கிடைப்பதல்ல. கோட்டாட்சியர்தான் கொடுக்கவேண்டும். அதற்கு மனு, விசாரணை, மறுபடியும் மனு என்று மாதங்கள் போகும். மே மாதத்தில் மார்க்கு வந்த பிறகு அதற்காக மலையிலிருந்து இறங்குகிறவன், சான்று வராமல் கலந்தாய்வைத் தவறவிட்டான் என்றால், பழங்குடியினருக்கென்று வைத்திருக்கிற நூற்றுக்கு ஒரு பங்கும் அவனுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். சமவெளிக்காரன் பணத்தில் முந்துகிறான். மலைக்காரன் காகிதத்தில் பிந்துகிறான். இரண்டையும் திருப்பிப் போடவேண்டும். அட்வான்ஸ் கட்டுவதற்கு ஆள் அலைகிற தை மாதத்தில், ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகிய மூன்றுக்கும் மனு எழுதிக்கொடுக்க ஒவ்வொரு பள்ளியிலும் ஆள் அலையட்டும்.

சொல்லப்படும் ஆட்சேபணைகள்

"சர்க்கார் பட்டியல் மூலம் கிடைப்பதெல்லாம் நல்ல காலேஜா?" என்று கேட்பார்கள். இல்லை. பட்டியலிலும் மோசமான காலேஜுகள் இருக்கின்றன. அதனால்தான் மார்க்கு வந்த பிறகு, போன வருஷம் எந்த மார்க்குக்கு எந்த இடம் போயிற்று, எத்தனை பேர் தேறினார்கள், வாத்தியார்கள் இருக்கிறார்களா என்று பார்த்துத் தீர்மானிக்கவேண்டும் என்கிறோம். தையில் கட்டுகிறவனுக்கு இதைப் பார்க்க நேரமே கொடுப்பதில்லை.

"கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டால்?" என்பார்கள். இந்தப் பயம் நியாயமானதே, ஏழைக்கு ஒரு வருஷம் வீணாவது சின்ன நஷ்டமல்ல. ஆனால் நீளமாகச் சீட்டு எழுதினால் அந்தப் பயத்தில் முக்கால்வாசி தீர்ந்துபோகும். ஐந்து காலேஜை மாத்திரம் எழுதிவிட்டு வானத்தைப் பார்க்கிறவன்தான் வெறுங்கையோடு நிற்கிறான். தவிர, சர்க்கார் கலைக் காலேஜுகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் கூடவே மனுப் போட்டு வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஏஜெண்டின் டீச் செலவுக்குக் காணாது.

"பணம் உள்ளவன் தன் பணத்தைக் கட்டிப் படித்தால் உமக்கென்ன?" என்பார்கள். ஒன்றை மாத்திரம் படிக்கவேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து, அது அந்த இடத்தில்தான் நன்றாக இருக்கிறதென்று விசாரித்து, வேறு சலுகை எதற்கும் பாத்தியதை இல்லாமல், கடன் வாங்காமல் கட்டக்கூடியவர் முன்கூட்டியே கட்டினால் அது அவர் விருப்பம். அவருக்கு நாம் புத்தி சொல்ல வரவில்லை. ஆனால் அவர் செய்வதைப் பார்த்து, அதுதான் கௌரவம் என்று நினைத்துச் சங்கிலியை அடகு வைக்கிறவருக்குத்தான் சொல்லுகிறோம். அவருக்கு எது வசதியோ அது உமக்கு விலங்கு.

பொதுப் பட்டியலிலும் குறை இருக்கிறதென்பதை நாம் மறைக்கவில்லை. டெலிபோன் சிக்னலே கிடைக்காத மலைக் கிராமத்துப் பிள்ளை, குறித்த இரண்டு மூன்று நாளைக்குள் கம்ப்யூட்டரில் நூறு காலேஜை எழுதவேண்டும் என்பது லேசான காரியமா? அதற்கான உதவி மையங்கள் சமவெளியில் இருக்கின்றன. கலந்தாய்வு நடக்கிற வாரங்களில் வெள்ளிமலையிலேயே ஒரு மையம் நடத்தவேண்டும் என்பதைச் சர்க்காருக்குச் சொல்லுகிறோம். அதுவரை, இந்தப் பக்கத்துப் பட்டதாரி வாலிபர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு கூட உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொடுத்தால், திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைவிட அது பெரிய காரியம்.

கச்சிராயபாளையத்துத் தோழர் சங்கிலியை அடகு வைக்கவில்லை. இவ்வளவையும் அவரிடம் சொன்ன பிறகு, "அப்ப எம்மவனுக்கு எந்தக் காலேஜு கெடைக்குங்க அய்யா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். பையன் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. நமக்கும் தெரியாது, ஏஜெண்டுக்கும் தெரியாது. நாம் தெரியாது என்று சொல்லுகிறோம், ஏஜெண்டு தெரியும் என்று சொல்லிப் பணம் கேட்கிறார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, முதல் பட்டதாரிச் சான்றுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

பெற்றோர்களே! தையில் காகிதத்தைச் சேருங்கள். மார்ச்சில் பிள்ளையைப் படிக்க விடுங்கள். மே மாதத்தில் மார்க்கைப் பார்த்து விசாரியுங்கள். ஆடியில் பயமில்லாமல், உங்கள் பிள்ளை நிஜமாக விரும்புகிற வரிசையில், நீளமாகச் சீட்டு எழுதுங்கள். பணத்தைக் கடைசியில் எடுங்கள்.